எட்டு மணி வாங்கு

இதை இடது கைப் பெருவிரலால், கைத்தொலைபேசியில், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எழுதுகிறேன். வலது கை மடியில் கிடக்கிறது. வலி ஒன்றும் இல்லை. சொன்னதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் வைத்த டீச்சர் நான். 'ற'வுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளை ஏசியிருக்கிறேன். இப்போது ஒரு வசனம் முடிக்க எனக்குக் கால் மணித்தியாலம் போகிறது. அந்தப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மறதிநோய் வந்த வாப்பாவையோ உம்மாவையோ வீட்டில் வைத்துப் பார்க்கிற பெண்கள் எங்கள் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதப்போவதில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை. எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கிடைத்த விதம்தான் சரியில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார், ஆண் பிள்ளை கல்யாணம் முடித்து வெளியே போவான். சாய்ந்தமருதில் உள்ள எங்கள் வீட்டை எனக்குச் சீதனமாக எழுதினார்கள். உம்மா மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு வீட்டோடு சேர்த்து வாப்பாவும் எனக்கு என்று ஆனது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. என் கணவரும் மகனும் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார்கள். ஒரே தம்பி நௌபர் மருதமுனையில் மனைவி வீட்டில் இருக்கிறான், ஒலுவிலில் மீன் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிற வியாபாரம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுதுவிட்டுப் பழப் பையோடு வருவான். வாப்பாவுக்கு அவன் யாரென்று தெரியாது. ஆனால் சபையில் கதைப்பதுபோல மரியாதையாக அவனோடு மழை, வயல், விளைச்சல் எல்லாம் கதைப்பார். தம்பி தேநீரைக் குடித்துவிட்டு, "வாப்பா நல்லாத்தானே இரிக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். எனக்குக் கோபம் வரவேண்டும். வந்ததில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வருவதில்லை. கை விறைத்துப்போவதற்கு முந்தியே நான் விறைத்துப்போய்விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலை அது. தன் முறை வராமல் ஒருவன் மடையை வெட்டினால் வாப்பா விடமாட்டார், சொந்த மச்சானானாலும் விடமாட்டார். டிமென்ஷியா என்று டொக்டர் சொன்னபோது அதற்கு விளக்கமும் சொன்னார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நேற்று நடந்தது முதலில் அழியும், பழையது கடைசியில் அழியும். அவர் சொன்னபடியேதான் நடந்தது. முதலில் என் மகனின் பெயர் போனது, பிறகு உம்மா மவுத்தான செய்தி போனது, பிறகு நான் போனேன். என்னைத் தன்னுடைய மூத்த சகோதரி என்று நினைத்து 'ராத்தா' என்று கூப்பிடத் தொடங்கினார். தம்பியும் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவான். ஆக, எனக்கு இரண்டு தம்பிமார் என்று ஆனது. ஒருவன் வெள்ளிக்கிழமை மட்டும் வருவான். மற்றவர் என் பின்னாலேயே நடப்பார், நான் குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று, "ராத்தா, உள்ள இரிக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கடந்த நோன்பு மாதத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது. வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, காலையில் இன்சுலின் ஊசி. அவர் நோன்பு பிடிக்கவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். என் நோன்பைக் கண்டு அவரும் நோன்பு என்று நினைத்துக்கொண்டார். சரி, ஒரு மாதம்தானே என்று எப்படியோ சமாளித்தேன். ஊருக்கெல்லாம் பெருநாள் வந்தது. வாப்பாவுக்கு மட்டும் பிறை தெரியவில்லை. பெருநாள் காலையில் இனிப்பான வட்டிலப்பத்தை நீட்டினேன். "நோன்பாளிக்கு இதக் காட்டுறது கூடாது ராத்தா" என்று தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவருக்கு நோன்புதான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இருக்கவில்லை. தொழுகைக்கு அழைக்கிற பாங்கை எங்கள் ஊரில் வாங்கு என்போம். பள்ளிவாசலில் நண்பகல் ளுஹர் வாங்கு கேட்டதும் நோன்பு துறக்கும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து வாப்பா சாப்பிட்டுவிடுவார். எந்த வாங்கானாலும் அவருக்கு அது பொழுது சாயும் மஃரிப் வாங்குதான். காலையில்தான் சிக்கல். விடியற்காலைச் சுபஹுக்கும் ளுஹருக்கும் இடையில் ஏழு மணித்தியாலம் வாங்கு இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் ஊசி போட வேண்டும். ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி சடாரென்று கீழே இறங்கும். வியர்க்கும், நடுங்கும், மயங்கும், அப்படியே உயிரும் போகலாம். ஊசியை அவர் தடுக்கமாட்டார். ஊசி நோன்பை முறிக்காது என்பது அவருக்கு நினைவிருந்தது. மகளை மறந்த மனிதருக்கு மார்க்கச் சட்டம் மறக்கவில்லை. ஆனால் ஊசிக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

கெஞ்சினேன், ஏசினேன், அழுதும் பார்த்தேன். ஒரு நாள் வேறு வழியில்லாமல் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, கைத்தொலைபேசியில் இருந்த வாங்கைச் சத்தம் குறைத்துப் போட்டேன். வாப்பா நிமிர்ந்து கேட்டார். முழு வாங்கும் முடியும்வரை பொறுத்திருந்தார். துஆ ஓதிவிட்டு, நான் நீட்டிய பாதிப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். பிறகு இடியப்பம், பிறகு குளிசை என்று நாங்கள் சொல்கிற மாத்திரை, எல்லாம் சொன்னபடி நடந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்குள் மஃரிப் ஆகும்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவருக்கும் சொல்லவில்லை. அல்லாஹ்வின் அழைப்பை வைத்து விளையாடுகிறேனோ என்ற பயம். மௌலவியிடம் கேட்டிருக்கலாம். கூடாது என்று சொல்லிவிட்டால் நாளைக் காலையில் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவேயில்லை. தம்பியிடம் சொல்ல நினைக்கவே முடியாது. மார்க்கத்தில் பிடிப்பு அதிகம் அவனுக்கு. தொழுகை நேரத்தில் மீன் லொறியையே நிறுத்தி வைக்கிறவன்.

என் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குப் பிரஷர் இருந்தது, அளவுகளைக் குறிக்கிற நோட்டு, கிளினிக் கொப்பியும் இருந்தது. கிளினிக் நாளில் வாப்பாவை யாரிடம் விட்டுப் போவது? ஒரு மாதம் விட்டேன், அடுத்த மாதம் விட்டேன், குளிசை முடிந்தது. தலை சுற்றும், உட்கார்ந்துவிட்டு எழும்புவேன். இரண்டு தடவை வலது கை கொஞ்ச நேரம் விறைத்துவிட்டுச் சரியாகிவிட்டது. அது எச்சரிக்கை என்று இப்போது தெரியும். அப்போது, சரியாகிவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

அது நடந்ததும் காலை எட்டு மணிக்குத்தான். ஊசி போட்டு, திரையை மூடி, வாங்கைப் போட்டேன். பாதி வாங்கில் தொலைபேசி கையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து திரை நொறுங்கிப்போனது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை வரவில்லை. வாப்பா என்னைப் பார்த்து, "ராத்தா, வாய் ஏன் கோணிக் கிடக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஏதோ சத்தம் வந்தது, சொல் வரவில்லை. எனக்குப் பயம் வரவில்லை. இடது கையால் பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். பாதி வாங்கே அவருக்குப் போதுமாக இருந்தது. சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் தரையில் சரிந்தேன் என்று நினைக்கிறேன். சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் கண்டு, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ஆஸ்பத்திரியில் நடந்தவற்றைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு போகும்போது கூரையில் லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சி.ரி. ஸ்கேன் என்பது பெரிய வளையம் ஒன்றுக்குள் தலையை விட்டுப் படமெடுப்பது. வலிக்காது, அசையாமல் கிடந்தால் போதும். அசையாமல் கிடப்பதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் என்னைச் சும்மா கிடக்கச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது சுகமாக இருந்தது.

பாரிசவாதம் என்றார்கள். மூளைக்குப் போகும் சிறிய இரத்தக் குழாய் ஒன்றில் கட்டி அடைத்துவிட்டது. மூளையின் இடது பக்கம் அடைபட்டால் உடம்பின் வலது பக்கம் விழும், பேச்சும் விழும். அந்த வார்டின் பெரிய டொக்டர் ஒரு சிங்களப் பெண், தமிழ் படித்துப் பேசுகிறவர். பேனையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பேனை என்று எனக்குத் தெரியும். என் வாய் கரண்டி என்றது. மணிக்கூட்டைக் காட்டினார். அதற்கும் கரண்டி. சொல் எல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே வரும் பாதைதான் அடைபட்டிருக்கிறது, நாளாக நாளாகத் திறக்கும் என்று தம்பிக்கு விளங்கப்படுத்தினார். குளத்தில் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் தூர்ந்துபோனால் வயல் காயும் என்று வாப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. அதையும் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக வந்தன. ஒன்று, ஓம். மற்றது, வாங்கு. எதைக் கேட்டாலும் ஓம் என்றேன். பசிக்குதா, ஓம். பசிக்கல்லியா, ஓம். இல்லை என்ற சொல் வரவேயில்லை. யோசித்துப் பார்த்தால் நோய் வருவதற்கு முந்தியும் அந்தச் சொல் எனக்கு அவ்வளவாக வந்ததில்லை.

தம்பியும் அவன் மனைவி ஜெஸ்மினும் வாப்பாவோடு தங்குவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பகல் பார்வையாளர் நேரத்தில் தம்பி வந்து கட்டில் ஓரமாக நின்றான். ஊசி நேரம் எல்லாம் என் கிளினிக் கொப்பியிலேயே எழுதியிருப்பதைக் கண்டதாகவும், அதைப் பார்த்து ஒன்று விடாமல் செய்வதாகவும் சொன்னான். வாப்பாவுக்குப் பகல் சாப்பாடு நல்லது, இரவுச் சாப்பாடு நல்லது, காலையில் மட்டும் வேண்டாம் என்கிறார், வயது போனவர்களுக்குக் காலையில் பசிக்காதுதானே என்றான். பதினொரு மணியளவில் வியர்த்து ஒரு மாதிரி மயங்கினாராம். வெயில் என்று நினைத்து விசிறிவிட்டார்களாம்.

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ எழும்பியது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் பயம் அதுதான். என்னைப் பற்றிப் பயப்படாத நான் வாப்பாவைப் பற்றிப் பயந்தேன். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாடு கொடுக்காமல் விட்டால் அவர் ஒரு நாள் அந்த மயக்கத்திலிருந்து எழும்பமாட்டார். அதைத் தடுக்கும் வழி உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அவளுக்கு வாய் இல்லை.

"வாங்கு" என்றேன்.

தம்பி குனிந்தான். "வாப்பாக்கு ஏதும் வாங்கணுமா?"

"ஓம்" என்றேன். ஓம் என்று சொல்ல நான் நினைக்கவில்லை.

அன்று பின்னேரம் அவன் வாப்பாவுக்குப் பால்மா, பெரியவர்களுக்கான பம்பர்ஸ், உடுக்கப் புதிய சாரம் ஒன்று எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினான். நான் அழுதேன். ராத்தாவுக்குச் சந்தோஷம் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னான். வார்டில் இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கழுத்தில் சிறிய சிலுவை போட்ட கல்முனைப் பெண். நான் மறுபடியும் மறுபடியும் 'வாங்கு, வாங்கு' என்பதைக் கேட்டு, வந்த ஆட்கள் இருக்க இடம் கேட்கிறேன் என்று விளங்கிக்கொண்டார். உட்காருகிற பெஞ்சுக்கும் எங்கள் பக்கத்தில் வாங்கு என்றுதான் பெயர். எங்கிருந்தோ ஒரு நீள வாங்கை இழுத்து வந்து கட்டில் பக்கத்தில் போட்டார். "இந்தா கா, ஒங்கட வாங்கு. இனி அழாதீங்க" என்றார். நான் ஓம் என்றேன்.

பள்ளிவாசலில் பின்னேர அஸர் வாங்கு கேட்டபோது இடது கையை உயர்த்தி ஜன்னலைக் காட்டினேன். இப்போதாவது விளங்கும் என்று நினைத்தேன். தம்பி கண் கலங்கிப்போனான். தொழ முடியாத கவலை என்று நினைத்து, படுத்தபடியே கண்ணால் தொழலாம் என்றும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்றும் எனக்குச் சொல்லித் தந்தான். தெரியாதவளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான். இடது கையில் பேனையைத் தந்து எழுதவும் சொன்னான். கோடு கோடாக ஏதோ வந்தது. சொல்வதெழுதல் டீச்சர் எழுதிய அந்தத் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்று முழுக்க அந்த ஒரு சொல்லைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உச்சரிப்பில் பிழை இல்லை. இருபத்தாறு வருடமும் சொல்லைச் சரியாகச் சொன்னால் போதும் என்றுதான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, பெரிய டொக்டர் நோயாளிகளைப் பார்த்து வரும் நேரத்தில், என் பழைய கிளினிக் கொப்பி வேண்டும் என்று தம்பியை வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குக் கொப்பியோடு வந்து நின்றான். முகம் சரியில்லை. முந்திய நாள் வாப்பா இரண்டு தரம் மயங்கியதாகவும், வாயில் சீனியைப் போட்டால் நோன்பு என்று துப்பிவிட்டதாகவும் சொன்னான். ளுஹர் வாங்கு கேட்ட பிறகு தானாகவே சாப்பிட்டுத் தெளிந்துவிட்டாராம். இன்றைக்கும் ஏழரைக்கு ஊசி போட்டாயிற்று, இன்னும் ஒன்றும் தின்னவில்லை என்றான்.

டொக்டர் கொப்பியைத் திறந்தார். முதல் பக்கங்களில் என் பிரஷர் அளவுகள் இருந்தன. நாலைந்து தடவைக்குப் பிறகு அவை நின்றுபோயிருந்தன. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக என் கையெழுத்து: வாப்பா எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தார், எந்தக் குளிசை முடிகிறது, எந்தக் காலில் வீக்கம். டொக்டர் புரட்டிக்கொண்டே போனார்.

"இது அப்பாட புத்தகம்தானே? ஒங்கட புத்தகம் எங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் ஓம் என்றேன். அவர் அட்டையைத் திருப்பி என் பெயரைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "ஏழரை ஊசி. எட்டு வாங்கு. எட்டு மணிக்கு என்ன வாங்குற?" என்று தம்பியைக் கேட்டார்.

"இடியப்பம் டொக்டர். நானும் அதப் பாத்துத்தான் எட்டுக்குக் கடைக்குப் போய் வாங்கிட்டு வாறன்" என்றான். என் தம்பி என்ன செய்வான்? எழுதியபடி செய்கிறவன்.

டொக்டரின் தோளுக்குப் பின்னால் நின்ற மிஸ்ஸி அதற்கு அடுத்த வரியை வாசித்தார். அது எனக்காக நான் எழுதி வைத்த குறிப்பு. "முதலில் ஜன்னல் மூடு. சத்தம் குறை. முடிந்த பிறகு பேரீச்சம்பழம்." வாசித்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, "ஜன்னல மூடிட்டா இடியப்பம் வாங்குற?" என்றார்.

தம்பி கொப்பியை வாங்கினான். அந்த வரியை ஒரு தரம் வாசித்தான், மறுபடியும் வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ராத்தா, பள்ளி வாங்கா?"

"ஓம்" என்றேன். அந்த ஓம் மட்டும் நான் நினைத்துச் சொன்னது.

அவன் தாடியைத் தடவிக்கொண்டு நின்றான். ஏசப்போகிறான் என்று நினைத்தேன். ஏசட்டும், ஏசிவிட்டுச் செய்யட்டும் என்றும் நினைத்தேன். அவன் ஏசவில்லை. ஜெஸ்மினுக்குத் தொலைபேசி எடுத்தான். ஜன்னல் திரைகளை மூடச் சொன்னான், பேரீச்சம்பழத்தை எடுத்து வைக்கச் சொன்னான், தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டு வாப்பாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னான். பிறகு மிஸ்ஸி போட்ட வாங்குக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்து நின்று, ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்து, மற்றக் கை விரலைக் காதில் வைத்து, என் தம்பி வாங்கு சொன்னான்.

பெண்கள் வார்ட், காலை பத்தேகால் மணி. மெதுவாகத்தான் சொன்னான், ஆனாலும் வார்ட் முழுக்கக் கேட்டது. கட்டில்களில் கிடந்த எங்கள் பெண்கள் என்ன ஏது என்று தெரியாமலே முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மணிக்கூட்டைப் பார்த்தாள், மறுபடியும் அவனைப் பார்த்தாள். டொக்டர் அப்படியே நின்றார். மிஸ்ஸி நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி வரியில் அவன் குரல் உடைந்தது, திரும்பவும் சரியாகச் சொல்லி முடித்தான்.

தொலைபேசியில் வாப்பா துஆ ஓதுவது கேட்டது. பிறகு ஜெஸ்மினின் குரல் வந்தது. "தின்றாரு. ஈச்சம்பழம் தின்னுட்டு இடியப்பத்துக்குக் கை நீட்டுறாரு."

தம்பி அந்த வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டான். "எத்தின நாளா இப்பிடிச் செய்றீங்க?" என்று கேட்டான். "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே ராத்தா" என்றான். சொன்னேனே, ஒரு நாள் முழுக்க அந்த ஒரு சொல்லைத்தானே சொன்னேன் என்று நினைத்தேன். பிறகுதான் அவன் கேட்டது அதற்கு முந்திய மாதங்களைப் பற்றி என்று விளங்கியது.

டொக்டர் போகும்போது மிஸ்ஸியிடம் புதிய கிளினிக் கொப்பி ஒன்று கேட்டு வாங்கி, என் பெயரைத் தானே எழுதினார். தம்பியிடம் அதைக் கொடுத்து, "இதில வேற யாருடையும் எழுத வேணாம்" என்றார். மறதிநோய்க்காரரைப் பார்க்கிறவர்கள் தங்கள் நோயைச் சொல்வதில்லை, விழுந்த பிறகுதான் இங்கே வருகிறார்கள் என்றும் சொன்னார். கண்டிப்பாகவோ இரக்கமாகவோ சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காண்கிற ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இன்னும் எட்டு நாள் அங்கே இருந்தேன். பிசியோ செய்கிற பெண் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தாள். சொற்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கின. தண்ணி வந்தது, மிஸ்ஸி வந்தது, கட்டாரிலிருந்து வீடியோவில் வந்த மகனின் பெயர் வந்தது. ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்குத் தம்பி வீட்டில் வாங்கு சொன்னான். மௌலவியிடமும் அவனே போய்க் கேட்டான். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை, அடுத்த நாளும் எட்டு மணிக்குச் சொன்னான். அதிலிருந்து நான் விளங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் காலை. ஜெஸ்மின் திரையை மூடினாள். என்னைக் கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். வாப்பா எதிரே இருந்தார். இவ்வளவு நாளும் நான் எங்கே போயிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. தம்பி ஹோலில் நின்று வாங்கு சொல்லி முடித்தான். வாப்பா துஆ ஓதினார். தட்டிலிருந்து பாதிப் பேரீச்சம்பழத்தை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார், என் மடியில் கிடந்த கையைப் பார்த்தார்.

"ராத்தா, நீங்க இன்னும் துறக்கல்லியே" என்றார்.

எழும்பி வந்து அந்தப் பாதிப் பழத்தை என் வாயில் வைத்தார். வலது பக்கமாக வைத்தார். அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாக்கால் மெல்ல இடது பக்கம் தள்ளிக் கடித்தபோது இனித்தது. நான் மென்று விழுங்கும்வரை வாப்பா பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை மடையை விட்டு அசையாமல் நிற்கிற மாதிரி நின்றார். அதற்குப் பிறகுதான் தனக்கு ஒன்று எடுத்தார்.

மணி எட்டேகால். அன்று நான் அதுவரை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அன்று மட்டுமா என்று யோசித்தேன். வாப்பா என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றியது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது, வார்டில் பல நாள் தேடியும் கிடைக்காத ஒரு முழு வசனம்.

"தம்பி, என்ட குளிசயத் தா" என்றேன்.